எரிவது ஆவி

திருவண்ணாமலை மலையுச்சியில் ஏற்றப்படும் கார்த்திகை தீபத்துக்கு ஆண்டுதோறும் சுமார் 3,500 கிலோ நெய் வேண்டியிருக்கிறது. ஆள் உயரக் கொப்பரை, ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணியில் திரி, கிலோ கணக்கில் கற்பூரம் எல்லாம் மனிதர்களின் தோளிலும் தலையிலும் 2,668 அடி உயர உச்சிக்கு ஏறிப் போகின்றன. மாலை ஆறு மணிக்குப் பர்வதராஜகுலச் சமூகத்தார் ஏற்றும் சுடர் 11 நாள் எரியும். கணக்குப் போட்டால் சராசரியாக மணிக்கு 13 கிலோ நெய்தான் செலவு. இத்தனை பெரிய எரிபொருள் குவியல் இவ்வளவு அடக்கமாக எரிவதற்கு நெய்யின் வேதியியல் ஒரு காரணம். கிளிசரால் என்ற ஆல்கஹாலும் கொழுப்பு அமிலங்களும் கூடிப் பிறந்த எஸ்டர்தான் நெய். அதே திருவண்ணாமலை நகரத்தில் சோபா தைக்கும் கடையிலும், செருப்புக் கடையிலும், வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையிலும், ‘கம்’ என்றும் ‘தின்னர்’ என்றும் புழங்கும் டப்பாக்களில் இன்னொரு எஸ்டர் இருக்கிறது. எத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கூடிப் பிறந்த எத்தில் அசிடேட் அது. குலம் ஒன்று. ஆனால் முன்னதைத் திரியும் கற்பூரமும் இல்லாமல் பற்றவைக்க முடியாது. பின்னதன் மூடியைத் திறந்து வைத்தால் போதும், பற்றவைக்க யாரும் கிட்டே வரவேண்டியதுகூட இல்லை.

ஒரு தொழிற்சாலைத் திரவம் ஆபத்தானதா என்று நம் ஊரில் எப்படி முடிவு செய்கிறோம்? மூக்கைச் சுளிக்கவைக்கும் நெடி என்றால் விஷம், பழவாசனை என்றால் பரவாயில்லை. ‘ஆசிட்’ என்றால் பயம், ‘கம்’ என்றால் அலட்சியம். எத்தில் அசிடேட் இந்த அளவுகோலில் எளிதாகத் தப்பித்துவிடுகிறது. பழுத்த பேரிக்காய் போல இனிய மணம், தண்ணீர் போல நிறமின்மை, கையில் பட்டால் எரியாமல் குளிர்ந்து மறையும் சுபாவம். இந்தத் திரவத்தைக் கையாளும் முறை அதன் மணத்தையோ பெயரையோ பார்த்து அல்ல, எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆவியாகிறது என்பதையும் எந்த ஊரில் எந்த மாதத்தில் திறக்கிறோம் என்பதையும் பார்த்தே வகுக்கப்பட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. கேட்பதற்கு எளிய விஷயம்தான். நடைமுறையில் இதை யாரும் பின்பற்றுவதாகத் தெரியவில்லை.

எந்தத் திரவமும் திரவமாக எரிவதில்லை. அதன் மேலே எழும் ஆவி காற்றோடு சரியான விகிதத்தில் கலந்தால்தான் தீப்பிடிக்கும். அதற்குப் போதுமான ஆவி எழும் மிகக் குறைந்த வெப்பநிலைக்குத் தீப்பற்று நிலை என்று பெயர். நெய் புகையவே சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும், பற்றுவதற்கு அதற்கும் மேல். கொப்பரை நெய்யில் ஒரு தீக்குச்சியைப் போட்டால் குச்சிதான் அணையும். திரி நெய்யைச் சிறிது சிறிதாக உறிஞ்சி, சூடாக்கி, ஆவியாக்கிக் கொடுப்பதால்தான் சுடர் நிற்கிறது. அந்த முதல் சூட்டைத் தருவதற்குக் கற்பூரம் வேண்டும், அது சுமார் 66 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். எத்தில் அசிடேட்டின் தீப்பற்று நிலை மைனஸ் 4 டிகிரி. அதாவது ஐஸ் கட்டியைவிடக் குளிர்ந்த நிலையிலேயே அதன் மேற்பரப்பில் எரியத் தயாரான ஆவி நிற்கும். நம் நாட்டு டீசலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தீப்பற்று நிலை 35 டிகிரி. டீசல் கேனுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கத் தயங்குகிறவர் கம் டப்பாவுக்குப் பக்கத்தில் தயங்குவதில்லை என்றால், அவர் அளவுகோல் தலைகீழாக இருக்கிறது.

இனி அளவுகளைப் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தில் அசிடேட் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 250 லிட்டர் ஆவி. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவி கலந்தாலே தீப்பிடிக்கும். பத்துக்குப் பத்து அடி அறையில், பத்தடி உயரக் கூரை என்றால், இரண்டேகால் லிட்டர் சிந்தி ஆவியானால் அறை முழுவதும் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஆனால் இந்த ஆவி அறை முழுவதும் சீராகப் பரவி நிற்காது. காற்றைவிட மூன்று மடங்கு கனமானது என்பதால் தரையோடு தவழும். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் தங்கிவிட்டது என்று கொண்டால் அரை லிட்டருக்கும் குறைவே போதும். சமையல் எரிவாயு கசிந்தால் சுவிட்சைப் போடக் கூடாது, தாழ்வாகத் தங்கும், கதவைத் திற என்று எல்லா வீட்டிலும் தெரியும். எத்தில் அசிடேட் ஆவிக்கும் அந்த வாயுவுக்கும் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச விகிதம் ஏறக்குறைய ஒன்றே. சிலிண்டருக்குக் கொடுக்கிற மரியாதையை டப்பாவுக்குக் கொடுக்காமல் இருப்பதற்கு வேதியியலில் ஒரு காரணமும் இல்லை.

தரையோடு தவழும் என்பதை இந்த ஊரில் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். கடையில் அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றுவது வழக்கம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு. கார்த்திகையன்று மலையில் சுடர் தெரிந்த மறுநிமிடம் வாசற்படியிலும் தரையிலும் அகல்கள் வரிசையாக ஏறும். தரை மட்டத்தில், வாசலில், காற்று வெளியேறும் வழியிலேயே திறந்த சுடர் வைக்கிறோம். உள்ளே ஒரு மூலையில் மூடி சரியாக இல்லாத கம் டின் இருந்தால், அதன் ஆவி வெளியே போகும் பாதையும் அதுதான். அகல் ஏற்றாதே என்று யாரும் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அன்று மதியத்தோடு பசை வேலையை நிறுத்தி, டின்களை மூடி, கதவைத் திறந்துவைத்துக் காற்றோட விட்டுப் பிறகு விளக்கேற்றலாம். வழிபாட்டுக்கு இதில் குறைவில்லை.

அடுத்தது வெயில். பாதுகாப்புத் தகவல் ஏடுகளில் இந்தத் திரவத்தின் ஆவியழுத்தம் பெரும்பாலும் 20 டிகிரியில் கொடுக்கப்பட்டிருக்கும், சுமார் 73 மில்லிமீட்டர் பாதரசம் என்று. அந்த 20 டிகிரி ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் அறை வெப்பம். திருவண்ணாமலை மாவட்டத்தில் மார்கழி விடியற்காலையில் அது கிடைக்கலாம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடுவது இங்கே புதிதல்ல, தகரக் கூரையின் கீழ் அதற்கும் மேல். 40 டிகிரியில் அதே திரவத்தின் ஆவியழுத்தம் 190 மில்லிமீட்டரை நெருங்குகிறது, இரண்டரை மடங்கு. அட்டவணையில் எண் மாறவில்லை, அட்டவணை படிக்கப்படும் ஊர் மாறியிருக்கிறது. ‘குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று லேபிளில் அச்சடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் உற்பத்தியாளர்கள், கத்திரி வெயிலில் குளிர்ந்த இடம் எது என்பதையும் சேர்த்து அச்சடிக்கலாம்.

வெயில்தான் ஆபத்து, குளிர்காலத்தில் கவலையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அதுவும் தவறாகப் போகும். காற்றில் ஆவி இரண்டு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரியாது, சுமார் பதினொன்றரை சதவீதத்துக்கு மேலே போனாலும் எரியாது, ஏனென்றால் அப்போது பிராணவாயு போதாது. கோடையில் மூடிய டிரம்முக்குள் ஆவி 25 சதவீதம்வரை செறிந்துவிடும். ஆகவே டிரம்முக்கு உள்ளே தீப்பிடிக்காது, திறக்கும்போது வாயருகில் காற்றோடு கலக்கும் இடத்தில்தான் பிடிக்கும். வெப்பம் 23 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது டிரம்மின் உள்வெளியிலேயே விகிதம் எரியக்கூடிய வரம்புக்குள் வந்துவிடுகிறது. மார்கழிக் காலையில் பாதி காலியான டிரம் உள்ளுக்குள்ளேயே வெடிக்கத் தயாராக நிற்கிறது. கோடையில் டிரம்முக்கு வெளியே பயப்பட வேண்டும், குளிரில் உள்ளேயும் பயப்பட வேண்டும். ‘காலி’ டிரம் எப்போதும் பயப்பட வேண்டியது. அடியில் ஒரு கை அளவு மிச்சம் இருந்தாலே போதும், உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். பழைய இரும்புக் கடையில் அதை வெல்டிங் வைத்தோ கட்டிங் மிஷினால் அறுத்தோ தண்ணீர்த் தொட்டியாக்கும்போது வெடிப்பது இதனால்தான். நிறைந்த டிரம் தீப்பிடித்தால் எரியும், காலி டிரம் தீப்பிடித்தால் வெடிக்கும்.

காலிப் பாத்திரத்தின் வேறொரு ஆபத்துக்குத் தமிழர்கள் நேரடியாகவே விலை கொடுத்திருக்கிறார்கள். இலங்கையில் 1977, 78ஆம் ஆண்டுகளில் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்குக் கைகால்கள் வலுவிழந்து போயின. பெரும்பாலும் அப்போதுதான் பூப்பெய்தியவர்கள். ஆராய்ந்த மருத்துவர்கள் செனநாயகவும் ஜெயரட்ணமும் 1981இல் லான்செட் இதழில் காரணத்தை எழுதினார்கள். பூப்பெய்திய பெண்ணுக்கு உடம்பு தேற நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கம். அந்த எண்ணெயில் ட்ரைகிரெசைல் பாஸ்பேட் கலந்திருந்தது. முன்பு கனிம எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிவந்ததில் அது கலந்திருக்க வேண்டும். அதுவும் ஓர் எஸ்டர்தான், பாஸ்பாரிக் அமிலத்தின் எஸ்டர். பிளாஸ்டிக்கை இளக்கவும், எந்திர எண்ணெயில் சேர்க்கவும், தீயைத் தடுக்கவும் பயன்படுவது. எளிதில் ஆவியாகாது, எளிதில் எரியாது, மணமும் இல்லை. நாம் இதுவரை எத்தில் அசிடேட்டில் பயந்த எல்லாவற்றிலும் இது சாது. ஆனால் நரம்பைத் தின்றுவிடும். அமெரிக்காவில் 1930இல் இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்ற மதுவில் இதே பொருள் கலந்து பல்லாயிரம் பேர் நடை இழந்தார்கள். மொராக்கோவில் 1959இல் விமான எஞ்சின் எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதில் சுமார் பத்தாயிரம் பேர். ‘எஸ்டர் பாதுகாப்பானதா’ என்ற கேள்விக்கே பொருள் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நெய், எத்தில் அசிடேட், ட்ரைகிரெசைல் பாஸ்பேட் மூன்றும் ஒரே குலத்தில் பிறந்து மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. எந்தத் திரவம், எதில் இருந்தது, இப்போது எதில் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்காமல் பதில் கிடைக்காது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எத்தில் அசிடேட் அவ்வளவு மோசமானதல்ல, உணவுப் பொருளில் மணத்துக்குச் சேர்க்கிறார்கள், காபியிலிருந்து காஃபீனை நீக்கப் பயன்படுத்துகிறார்கள், உடம்புக்குள் போனால் சீக்கிரமே ஆல்கஹாலாகவும் அசெட்டிக் அமிலமாகவும் உடைந்துவிடுகிறது என்பார்கள். எல்லாம் உண்மை. காலணித் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால் இந்த எஸ்டரின் வருகை ஒரு முன்னேற்றமும்கூட. பென்சீன் கலந்த பசையோடு வேலை செய்த இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளர்களிடம் இரத்தப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 1970களில் மருத்துவர் முசாஃபர் அக்சோய் காட்டினார். ஹெக்சேன் கலந்த பசை பல நாடுகளில் தொழிலாளர்களின் நரம்புகளைப் பாழாக்கியது. அவற்றோடு ஒப்பிட்டால் எத்தில் அசிடேட் எவ்வளவோ மேல். ஆனால் விஷத்தில் குறைவு என்பதால் தீயிலும் குறைவு என்று ஆகிவிடாது. இரண்டும் வெவ்வேறு கணக்கு. விஷக் கணக்கிலும் அது பூஜ்யம் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை வேலையிடக் காற்றில் இதற்கு வைத்த வரம்பு பத்து லட்சத்துக்கு 400 பங்கு. அதே பத்தடி அறையை அடைத்துவைத்தால் 45 மில்லி ஆவியானாலே அந்த வரம்பு வந்துவிடும். சோபாவுக்கு ஸ்பான்ஞ் ஒட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் அதைவிட அதிகமாகப் பிரஷ்ஷில் தொட்டிருப்பார். தலைவலி, கிறுகிறுப்பு, கண்ணெரிச்சல் எல்லாம் அங்கிருந்து வருபவை. வாசனை நம்மை எச்சரிக்கும் என்பதும் அரை உண்மைதான். மிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும், ஆனால் சற்று நேரத்தில் பழகிப்போய் உணர்வதை நிறுத்திவிடும். வெளியிலிருந்து வரும் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் உறுதியானது: இருபது வருடமாக இப்படித்தான் வேலை செய்கிறோம், எதுவும் ஆகவில்லை. இதை ஏளனம் செய்யத் தேவையில்லை. கதவு அகலத் திறந்த கடையில், நாளுக்கு அரை லிட்டர் பசை மெல்ல உலர்ந்தால் ஆவி தெருவோடு கலைந்துபோகும். இருபது வருடம் காப்பாற்றியது அந்தத் திறந்த கதவுதான். இப்போது நிலைமை மாறிவருகிறது. கடைகளுக்கு ஏ.சி. வந்துவிட்டது, கண்ணாடிக் கதவு வந்துவிட்டது, வேலை பின்னறைக்கோ மாடிக்கோ போய்விட்டது. ஏ.சி. காற்றைக் குளிர்விக்கும், மாற்றாது. சுவரின் உச்சியில் பொருத்திய எக்ஸாஸ்ட் மின்விசிறி தரையில் தங்கும் ஆவியை இழுக்க வசதியான இடத்தில் இல்லை, அதன் மோட்டார் பொறி கக்கும் வகை என்றால் இன்னும் மோசம். இருபது வருட அனுபவம் பழைய கட்டடத்தின் அனுபவம்.

அப்படியென்றால் தண்ணீரில் கரையும் பசைக்கு எல்லோரும் மாறிவிடலாமே என்பது மூன்றாவது கேள்வி. பெரிய ஆலைகளில் பெருமளவு அது நடந்திருக்கிறது, ஆனால் தானாக நடக்கவில்லை. வியட்நாமில் நைக்கி நிறுவனத்துக்குக் காலணி செய்த ஓர் ஆலையில் டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவி அளவுக்கு மீறியிருந்ததைக் காட்டிய தணிக்கை அறிக்கை 1997 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வழியாக வெளியானது. மறு ஆண்டு மே மாதம் நைக்கியின் தலைவர் ஃபில் நைட் வெளிநாட்டு ஆலைகளிலும் அமெரிக்கக் காற்றுத் தர வரம்புகளைப் பின்பற்றுவதாக அறிவிக்க வேண்டிவந்தது. நீர்ப் பசைகளின் பரவலுக்கு அது உந்துதல் தந்தது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் காலணி ஆலைகளை நடத்துகிறது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு அங்கே வேலை. அப்படிப்பட்ட ஆலைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கை உண்டு, பாதுகாப்பு அதிகாரி உண்டு, நீர்ப் பசையை உலர்த்தச் சூட்டடுப்பு உண்டு. தேரடித் தெருச் செருப்புக் கடைக்காரருக்கு இவை எதுவும் இல்லை. நீர்ப் பசை உலர நேரம் எடுக்கும், சூடு கேட்கும், மழைக்காலத்தில் இழுத்தடிக்கும். காத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பத்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுக்க அவரால் கரைப்பான் பசையைத்தான் நம்ப முடியும். ஆபத்தான இரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளும் டன் கணக்கில் வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பேசுகின்றன, ஐந்து லிட்டர்க்காரரைப் பார்த்தல்ல. மாற்றுங்கள் என்று அவரிடம் சொல்வது சுலபமான அறிவுரை. அவர் கையிலிருக்கும் திரவத்தை அவர் ஊரின் வெப்பத்துக்கு ஏற்பக் கையாளச் சொல்லித்தருவதுதான் பயனுள்ளது.

சொல்லித்தர வேண்டியவை அதிகமில்லை. அன்றைய தேவைக்கு மட்டும் சிறிய இரும்பு டின்னில் எடுத்துக்கொண்டு, பிரஷ் தொடும் நேரம் தவிர மூடிவைப்பது. பெரிய டின்னைக் கடைக்கு வெளியே நிழலில், பூட்டிய இடத்தில் வைப்பது. ஊற்றும் வேலையை வெயில் ஏறுமுன் முடிப்பது. குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றக் கூடாது, பார்வைக்குத் தண்ணீரேதான். டிரம்மிலிருந்து டின்னுக்கு மாற்றும்போது இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, டிரம்மை மண்ணோடு தொடர்புபடுத்தினால் நிலைமின்சாரப் பொறி எழாது. மெல்லிய நைட்ரைல் கையுறையை இந்தத் திரவம் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், பியூட்டைல் ரப்பர்தான் தாங்கும். கொரோனாக் காலத்து முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது, அதற்குச் செயலூட்டிய கரி அடைத்த கவசம் வேண்டும். கையில் ஒட்டிய பசையைத் தின்னரால் துடைப்பது தோலின் எண்ணெயையே உரித்துவிடும்; சமையல் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போடலாம். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போனால் கேடு இரட்டிப்பாகும்.

தீப்பிடித்தால் முதலில் கை போவது தண்ணீர்க் குடத்துக்குத்தான். இந்தத் திரவம் தண்ணீரைவிட இலேசானது, நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் கரையவும் செய்யும். வாளித் தண்ணீரை வீசினால் எரியும் திரவம் மிதந்து பக்கத்துக் கடைவரை பரவும். சாதாரண நுரையையும் இது உடைத்துவிடும், ஆல்கஹாலைத் தாங்கும் நுரைதான் நிற்கும். கடையில் வைக்கத்தக்கது உலர்பொடி அடைத்த சிவப்பு உருளை, ஒரு வாளி மணல், டின்னின் வாயை மூட ஒரு தகரத் தட்டு. பத்தடிக் கடைக்கு இவ்வளவு போதும். தீயணைப்பு நிலையத்தினர் ஏப்ரல் மாதத் தீத்தடுப்பு வாரத்தில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போவதுபோல, ஒரு பிற்பகல் பசைக் கடைகள் உள்ள தெருவுக்குப் போய் ஒரு மேசைக்கரண்டி தின்னரைத் தட்டில் ஊற்றி, எட்டி நின்று பற்றவைத்து, பொடியால் அணைத்துக் காட்டினால் தெரு முழுக்கப் புரிந்துவிடும். அதை மே மாதத்துக்கு முன்பும் கார்த்திகைக்கு முன்பும் என ஆண்டுக்கு இருமுறை செய்யலாம். டப்பா விற்பவர்கள் மூடியின் மேலேயே, தமிழில், உள்ளே இருப்பது எது என்றும் எத்தனை டிகிரியில் பற்றும் என்றும் இரண்டு வரி அச்சடிக்க வேண்டும். ‘தின்னர்’ என்று கேட்டால் இன்று கிடைப்பது ஒரு பொருளே அல்ல: டொலுயீன், சைலீன், அசிட்டோன், எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் என்று கடைக்குக் கடை மாறும் கலவை. டப்பாவில் அந்த இரண்டு வரி வரும்வரை, என்ன கலவை என்று சொல்ல முடியாத தின்னரை மைனஸ் டிகிரியில் பற்றும் பொருளாகவே எண்ணிக் கையாள வேண்டும்.